சிறு சிஎன்சி இயந்திரத்தின் எல்லை உணரி: எந்த வகை, எந்த இணைப்பு?

கணினி கட்டுப்படுத்தும் வெட்டும் இயந்திரமான சிஎன்சியில், அச்சு தன் எல்லையை அடைந்ததை அறிவிக்கும் மைக்ரோ சுவிட்சை (அழுத்தினால் இயங்கும் சிறு சுவிட்ச்) எடுத்துவிட்டு, அதன் இடத்தில் உலோகம் அருகே வந்தாலே தொடாமல் அறியும் தூண்டல் வகை அருகாமை உணரியைப் பொருத்துவதற்கு நியாயமான காரணம் உண்டு. மரத்தூள் புகுந்து முடங்கக்கூடிய நெம்புகோலோ தேயக்கூடிய தொடுமுனையோ அதில் இல்லை. ஆனால், மைக்ரோ சுவிட்சின் பழுதை மல்டிமீட்டர் உடனே காட்டிவிடும். உணரியிலோ மின்னழுத்தம், வெளியீட்டு வகை, எதிரே வரும் உலோகம், ஜிஆர்பிஎல் (இயந்திரத்தை இயக்கும் பலகையில் ஓடும் கட்டுப்பாட்டு மென்பொருள்) அமைப்பு ஆகியவற்றுள் எது பிசகினாலும், ஹோமிங் (அச்சைத் தொடக்க நிலைக்குக் கொண்டுசெல்வது) பாதியில் நிற்பதும் காரணமின்றி அலாரம் எழுவதுமே வெளியே தெரியும்.

ஆகவே முதலில், உணரியின் முகத்தருகே ஓர் இரும்பு ஸ்பேனரைக் கொண்டுசென்று, பின்புறமுள்ள சிறு விளக்கின் நிலை மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். மாறாவிட்டால் மின்வழங்கலிலோ உணரியிலோ கோளாறு இருக்கிறது. விளக்கு மாறியும், ஜிஆர்பிஎல்லுக்குக் கேள்விக்குறியை அனுப்பிப் பெறும் நிலை அறிக்கையில் அந்த அச்சின் எழுத்து மாறாவிட்டால், கம்பியிலோ பலகையிலோதான் தேட வேண்டும். ஸ்பேனருக்கு வேலை செய்யும் உணரி இயந்திரத்தின் அலுமினியத் தாங்கியைக் கண்டுகொள்ளாமல் இருப்பதும் உண்டு. எல்ஜே12ஏ3 என்ற மாடல் உணரிக்குச் சொல்லப்படும் 4 மி.மீ. தூரம் இரும்புக்கானது, அலுமினியத்துக்கு அது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். தாங்கியில் ஓர் இரும்பு போல்ட்டை முடுக்கினால் போதும்.

மின்னழுத்தத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். இந்த உணரி 6 முதல் 36 வோல்ட்டுக்கானது. ஆர்டுயினோ கட்டுப்பாட்டுப் பலகையின் 5 வோல்ட்டில் விளக்கு எரியக்கூடும். ஆனால் உணரும் தூரம் சுருங்கி, ஒருநாள் சரியாகவும் மறுநாள் தவறாகவும் நடந்துகொள்ளும் என்பதால் அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். 12 வோல்ட் கொடுத்துக் வெளியீடான கறுப்புக் கம்பியை நேரடியாகப் பலகையில் செருகுவதும் தவறு. பல உணரிகளில் உள்ளேயே இருக்கும் மின்தடை வழியாக அந்த 12 வோல்ட் 5 வோல்ட் பின்னை வந்தடையும். எதிர்மின்வாய் உணரியை நோக்கியிருக்குமாறு ஒரு டையோடை (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) தொடராக இணைப்பது மலிவான, பெரும்பாலும் போதுமான தீர்வு. பிசி817 போன்ற ஆப்டோகப்ளர் (ஒளி வழியாகச் சைகையைக் கடத்தும் சில்லு) இரு பக்க மின்சுற்றையும் முற்றிலும் பிரித்துவிடுவதால், ஸ்பிண்டிலை, அதாவது வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டாரை, விஎஃப்டி என்ற மின்னணு வேகக் கட்டுப்படுத்தி ஓட்டும் இயந்திரத்துக்கு அதையே நான் தேர்ந்தெடுப்பேன். இதுவரை சொன்னது, வெளியீட்டைத் தரையோடு இணைக்கும் என்பிஎன் வகைக்கு. பிஎன்பி வகையோ, தூண்டப்படும்போது முழு மின்னழுத்தத்தையும் வெளியே தள்ளுவதால், ஆப்டோகப்ளர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

என்பிஎன் வகையிலேயே, இயல்பில் (எதிரே உலோகம் இல்லாதபோது) வெளியீடு திறந்திருப்பதா மூடியிருப்பதா என்ற தேர்வு அடுத்து வருகிறது. இயல்பில் மூடிய வகையில் கம்பி அறுந்தாலும் உணரிக்கு மின்சாரம் நின்றாலும் உடனே அலாரம் எழும். திறந்த வகையில் அச்சு சட்டத்தில் மோதும்வரை எதுவும் தெரியாது. எனவே, ஓர் உள்ளீட்டுக்கு ஓர் உணரி என்றால் மூடிய வகையே மேல். அதற்கு, எல்லை உள்ளீட்டைத் தலைகீழாகப் படிக்கச் சொல்லும் ஜிஆர்பிஎல்லின் $5 அமைப்பை 1 ஆக்க வேண்டும். ஆனால் ஆர்டுயினோவின் மேல் செருகும் சிஎன்சி ஷீல்டு பலகையில் ஓர் அச்சின் இரு முனைகளும் ஒரே பின்னில் சேர்வதால், மூடிய வகை இரண்டை அங்கே இணைகோட்டில் கொடுத்தால் ஒன்று தூண்டப்பட்டாலும் மற்றது பின்னைத் தாழ்நிலையிலேயே பிடித்து வைத்திருக்கும். எல்லையே இல்லாததுபோல் அச்சு ஓடும். அந்த அமைப்புக்குத் திறந்த வகையே பொருந்தும்.

ஸ்பிண்டில் சுழலும்போது மட்டும் அலாரம் எழுந்தால், உணரியை மாற்றிப் பயனில்லை. சுவிட்சின் நிலையை ஏற்கும் முன் காத்திருக்கும் நேரமான ஜிஆர்பிஎல்லின் $26-ஐ உயர்த்துவதும் உதவாது. அந்தத் தாமதம் ஹோமிங்குக்கானது, ஓட்டத்தின் நடுவே வரும் கூர்மின்துடிப்பை அது தடுக்காது. உறையிட்ட கேபிளின் உறையை ஒரு முனையில் மட்டும் தரையிறக்கி, அதை ஸ்பிண்டில் கம்பியிலிருந்து விலக்கிப் போட்டுப் பார்த்த பிறகும் அலாரம் தொடர்ந்தால், பலகையின் உள்ளீட்டில் மின்தடையும் கெபாசிட்டரும் கொண்ட வடிகட்டியைச் சேர்க்கலாம்.