பழைய என்விடியா மடிக்கணினியில் லினக்ஸ்: நூவோவா, 340 டிரைவரா?

விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் நிறுவுபவர்களை அதிகம் தடுமாற வைப்பது, திரைக்காட்சிக்கான சிப்பை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர்தான். ஜிஃபோர்ஸ் 8, 9 வரிசைச் சிப் உள்ள மடிக்கணினிக்கு இரண்டு வழிகள் உண்டு.

என்விடியாவின் சொந்த 340 டிரைவர் சிப்பின் முழு வேகத்தையும் தரும். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டும், குறைக்கும். ஆனால் அதன் கடைசிப் பதிப்பான 340.108 வெளிவந்தது 2019 டிசம்பரில். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 5.4 பதிப்பு வரை சிக்கல் இல்லை. அதற்குப் பிந்தைய கெர்னல்களுக்கு, ஆர்வலர்கள் எழுதும் பேட்ச் (திருத்த நிரல்) இல்லாமல் அது கம்பைல் ஆகாது, அதாவது அந்தக் கெர்னலோடு இயங்கும் வடிவத்துக்கு மாறாது. அப்டேட் போட்ட மறுநாள் காலை கறுப்புத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பது எவ்வளவு வேதனை என்பது பட்டவர்களுக்குத் தெரியும். திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலாண்டும் இதில் ஓடாது.

நூவோ கட்டற்ற டிரைவர். 2010இல் வந்த 2.6.33 பதிப்பிலிருந்தே கெர்னலோடு சேர்ந்து வருகிறது. தனியாக நிறுவ வேண்டியதில்லை. கெர்னல் மாறினால் அதுவும் கூடவே மாறும். குறை, வேகம். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் தொடக்கத்தில் வைத்த வேகத்திலேயே சிப் பெரும்பாலும் நின்றுவிடும், விளையாட்டுகள் திணறும். சில கணினிகளில் திரை உறைவதும் உண்டு. பூட் ஆகும்போதே திரை வரவில்லையென்றால் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் பட்டியலில் 'e' அழுத்தி, 'linux' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'nomodeset' என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

இணையம், எழுத்து வேலை, பிள்ளைகளின் படிப்பு என்றால் தயங்காமல் நூவோ. பழைய முப்பரிமாண விளையாட்டுக்காகவே அந்தக் கணினியை வைத்திருப்பவர்கள் மட்டும் 340ஐத் தேடலாம். அவர்கள் கெர்னல் அப்டேட்டை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் அதோடு நின்றுவிடுவதால், அப்படிப்பட்ட கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க நான் சம்மதிக்க மாட்டேன்.