மேப்பில் வியாபாரத்தைக் காட்டுகிறோம் என்று வருபவர்களுக்குப் பணம் கொடுக்கும் முன்

மதுரையில் மோட்டார் பம்ப் ஸ்பேர் மொத்த வியாபாரம் செய்கிறோம். சீல், பேரிங், கெப்பாசிட்டர், ஸ்டார்ட்டர் சாமான்கள். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், தென்காசி என்று லைன் போகிறது. சுமார் 640 ஹார்டுவேர் கடைகள் எங்களிடம் சரக்கு எடுக்கின்றன, அதில் பாதிக்கு மேல் அப்பா காலத்துக் கடைகள்.

போன வருடம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். டேலி கணக்கு சாஃப்ட்வேரில் இருக்கும் விற்பனையும் பாக்கியும் அப்படியே மேப்பில் வந்துவிடும், மாவட்டத்தைத் தொட்டால் நிறம் மாறும், புள்ளியைத் தொட்டால் கடையின் பெயர், போன மாத பில், நிலுவை எல்லாம் வரும் என்றார்கள். லேப்டாப்பில் காட்டிய டெமோ உண்மையிலேயே அழகாக இருந்தது. 1,80,000 ரூபாய் பேசி, 1,20,000 முன்பணமாகக் கொடுத்தேன். அந்த டெமோவில் ஓடியது யாருடைய கணக்கு என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் லிங்க் வந்தது. திறந்து பார்த்தால் மதுரை கரும்பச்சை, தேனி இளம்பச்சை, கீழே தெற்கே வெளுத்துக் கிடந்தது. தென்காசி லைன் பார்க்கும் அண்ணன் எங்களிடம் 17 வருடமாக இருப்பவர். அவரைக் கூப்பிட்டு, உங்கள் பக்கம் ஒன்றுமே இல்லையே என்றேன். "டேலியைப் பாருங்க தம்பி, புளியங்குடி மட்டுமே எவ்வளவு பில் போட்டிருக்கேன்னு தெரியும்" என்றார். நான் டேலியைப் பார்க்கவில்லை. மேப்பில் இல்லையே என்றேன். அந்த மாதம் அவருடைய இன்சென்டிவை நிறுத்தினேன். வாரம் இரண்டு முறை போன வண்டியையும் ஒன்றாகக் குறைத்தேன். கோடைக்கு முன்னால், கிணற்று மோட்டார்கள் எல்லாம் பழுதுக்கு வரும் நேரத்தில் இதைச் செய்தேன்.

விஷயம் என்ன என்று பிறகுதான் புரிந்தது. மாவட்டங்களுக்கு நிறம் அடிக்க ஓர் எல்லைக்கோட்டு ஃபைல் வேண்டும். இவர்கள் இணையத்தில் கிடைத்த பழைய ஃபைலைப் போட்டிருந்தார்கள். அதில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காலத்து 32 மாவட்டங்கள்தான் இருந்தன. திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது 2019-இல். அதே வருடம் கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் வந்தன, அடுத்த வருடம் மயிலாடுதுறை. இன்றைக்கு 38. எங்கள் டேலியில் "தென்காசி" என்று இருந்த ஒவ்வொரு பில்லும் மேப்பில் ஒட்ட இடமில்லாமல் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. பிழை என்று ஒரு வரிகூட திரையில் வரவில்லை. மேலே கொட்டை எழுத்தில் வரும் மொத்த விற்பனையும் மேப்பில் ஒட்டியவற்றின் கூட்டல்தான். அதை டேலியின் மொத்தத்தோடு ஒரு தடவை ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன்.

அப்புறம் புள்ளிகள். எங்கள் திருமங்கலம் கடைகள் ஆறு சென்னையில், அண்ணா நகர் பக்கத்தில் நின்றன. அங்கேயும் ஒரு திருமங்கலம் இருக்கிறது. முகவரியை இடமாக மாற்றும் சேவைக்கு ஊர் பெயரை மட்டும் அனுப்பினால் அது தனக்குத் தெரிந்ததில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். மாவட்டமும் 625-இல் தொடங்கும் பின்கோடும் சேர்த்து அனுப்பியிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது. காந்தி நகர், அண்ணா நகர் இல்லாத ஊர் நம்மிடம் எங்கே இருக்கிறது? நூல் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்கு சேலத்துப் பார்ட்டிகள் எல்லாம் அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்தில் போய் விழுந்தார்கள். அந்த மாநிலத்தின் தலைநகரமும் சேலம்தான்.

முகவரி கிடைக்காத கடைகளுக்கு இவர்கள் செய்தது இன்னும் மோசம். பின்கோடின் நடுப்புள்ளியில் குத்திவிட்டார்கள். ஒரு பின்கோடுக்குள் பல கிராமங்கள் அடங்கும். உசிலம்பட்டி பக்கம் 14 கடைகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே புள்ளியில். தொட்டால் மேலே இருக்கும் கடை மட்டும் வரும், மீதி 13 கடை இருப்பதே தெரியாது. இது தோராயமான இடம் என்று காட்ட வேறு நிறமாவது கொடுத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

இதெல்லாம்கூட சரிசெய்யக்கூடிய தவறுகள். என்னால் மன்னிக்க முடியாதது அடுத்தது.

ஒரு நாள் சங்கரன்கோவிலிலிருந்து அப்பாவின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, நான் உங்களுக்குத் தர வேண்டியது எவ்வளவுன்னு இன்னொரு கம்பெனிக்காரன் என்கிட்ட சொல்றான்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்களிடமிருந்து விலகிப்போன சேல்ஸ்மேன் ஒருவரின் வாட்ஸப்பில் அந்த லிங்க் இருந்திருக்கிறது. லாகின் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. லிங்க் தெரிந்தால் போதும், திறக்கும். போதாததற்கு, பக்கம் திறந்தவுடன் 640 கடையின் பெயர், போன் நம்பர், நிலுவை எல்லாம் ஒரே ஃபைலாகப் பார்ப்பவரின் பிரவுசருக்கு இறங்கிவிடும். மேப்பில் தெரியாத தென்காசிக் கடைகளும் அந்த ஃபைலில் இருந்தன. பவர் பிஐ என்ற ரிப்போர்ட் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துபவர்களும் கவனியுங்கள்: அதில் "பப்ளிஷ் டு வெப்" என்று ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் லிங்க் கிடைத்த எவரும் லாகின் இல்லாமல் பார்க்கலாம். கடை நிலுவையை அதில் ஏற்றவே கூடாது.

கம்பெனிக்கு போன் செய்து சத்தம் போட்டேன். பாஸ்வேர்டு வேண்டுமென்றால் அது தனி வேலை, 40,000 ஆகும் என்றார்கள். மீதி 60,000-ஐத் தரமாட்டேன் என்று சொன்னேன். பத்து நாளில் மேப் கறுத்துவிட்டது. படம் முழுக்க "ஃபார் டெவலப்மென்ட் பர்ப்பஸஸ் ஒன்லி" என்று எழுத்து. கூகுள் மேப்பைச் சொந்தப் பக்கத்தில் ஓடவிட கூகுள் தரும் ஒரு கீ, அதாவது அனுமதிக் குறியீடு, வேண்டும், அதோடு பில்லிங் கணக்கும் இணைந்திருக்க வேண்டும். அந்தக் கீ அவர்கள் பெயரில் இருந்தது. பில்லிங்கை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் கீயை உங்கள் கம்பெனி பெயரிலேயே எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தபின், உங்கள் இணையதளத்திலிருந்து மட்டும் வேலை செய்யும்படி கட்டுப்படுத்தச் சொல்லுங்கள். பக்கத்தின் புரோகிராம் கோடில் அந்தக் கீ எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கட்டுப்படுத்தாமல் விட்டால் வேறொருவன் ஓட்டும் மேப்புக்கு நீங்கள் பில் கட்ட வேண்டியிருக்கும்.

வக்கீலிடம் போனேன். வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை என்பதால் 2019 நுகர்வோர் சட்டத்தின்படி நாம் நுகர்வோர் ஆகமாட்டோம், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் சின்னத் தொழிலுக்குத்தான் அதில் விலக்கு என்றார். சிவில் வழக்குதான் வழி. ஒப்பந்தம் என்று என்னிடம் இருந்தது ஒரு பக்கக் கொட்டேஷன். அதில் டேட்டா யாருக்குச் சொந்தம், கீ யார் பெயரில், வேலை முடிந்ததும் எதை அழிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

இப்போது சேல்ஸ்மேன்கள் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று போனில் லொகேஷன் எடுத்து அனுப்புகிறார்கள். அக்கா மகள் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் கியூஜிஐஎஸ் என்ற இலவச மேப் சாஃப்ட்வேரில் ஏற்றித் தருகிறாள். வெளியே லிங்க் எதுவும் கிடையாது. யாருக்காவது பணம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றால், முன்பணத்துக்கு முன் உங்களிடம் உள்ள மிகக் குழப்பமான 50 முகவரிகளைக் கொடுத்து, உங்கள் கண்முன் மேப்பில் போடச் சொல்லுங்கள். நல்ல முகவரிகளைக் கொடுக்காதீர்கள்.

தென்காசி அண்ணனிடம் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். நிறுத்திய இன்சென்டிவைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சங்கரன்கோவில்காரர் மொத்த பாக்கியையும் அந்த வாரமே கட்டி, கணக்கை முடித்துக்கொண்டார்.

கம்பம் பக்கம் டிராக்டர் ஸ்பேர் வைத்திருக்கும் ஒருவரிடம் போன மாதம் இதே ஆட்கள் டெமோ காட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு புள்ளியைத் தொட்டபோது அவருக்குத் தெரிந்த ஆண்டிபட்டிக் கடை பெயர் வந்திருக்கிறது. அது எங்களிடம் சரக்கு எடுக்கும் கடை. உங்களுக்குக் காட்டும் டெமோவில் மதுரைக்குத் தெற்கே ஹார்டுவேர் கடைகள் வந்தால், நிலுவைத் தொகை தெரிந்தால், ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வக்கீல் அதைத்தான் கேட்கிறார்.