வெள்ளிக்கிழமை மாத்திரை: மருந்துக்கடை கவரை நம்பி நாங்கள் பட்ட பாடு

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு 61 வயது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காது. நாற்று முடியைப் பிரிக்க முடியாமல் நடவுக்குப் போவதையே விட்டுவிட்டார். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் வீங்கிய மூட்டுகளை அழுத்திப் பார்த்து, ரத்தத்தில் ஆன்டி சிசிபி என்ற சோதனையும் பார்த்து, முடக்குவாதம் என்றார். மெத்தோட்ரெக்ஸேட் 15 மில்லிகிராம், வாரத்தில் ஒரே நாள், வெள்ளி இரவு. மற்ற ஆறு நாளும் ஃபோலிக் ஆசிட். நாலு மாதத்தில் அம்மா தானே தேங்காய் துருவினார்.

மருந்து தீர்ந்தது. தஞ்சாவூர் போகச் சோம்பல் பட்டு, பக்கத்துக் கடைத்தெருவில் சீட்டைக் காட்டி வாங்கினேன். பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா டிஸ்கவுண்ட் கிடையாது" என்றார்கள். சரி, வேண்டாம் என்றேன். இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரை. ஒரு கவரில் நீலப் பேனாவால் 'வெள்ளி மட்டும்', இன்னொன்றில் 'தினம் இரவு 1, வெள்ளி வேண்டாம்'. எழுதியதில் தப்பில்லை. உள்ளே போட்ட அட்டைதான் இடம் மாறிவிட்டது.

"அட்டை புதுசா இருக்கே தம்பி" என்று அம்மா கேட்டார். "வேற கம்பெனிம்மா" என்று சொன்னவன் நான்தான்.

ஒரு வாரத்தில் வாயெல்லாம் புண். ரசம் சாதம்கூட இறங்கவில்லை. அதே கடையில் போய்ச் சொன்னேன். "உடம்பு சூடு, இளநீர் குடுங்க" என்று பி காம்ப்ளக்ஸ் கொடுத்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவருக்கு வாய்ப்புண் வந்தால் முதலில் அந்த மருந்தைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. பத்தாம் நாள் காய்ச்சல், காலில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள்.

தஞ்சாவூரில் டாக்டர் கவரைப் பார்க்கவில்லை, அட்டையைத் திருப்பிப் பெயரைப் படித்தார். பத்தில் ஒன்றுதான் மீதி. ஒன்பது வாரத்துக்கான மருந்து பத்து நாளில் உள்ளே போயிருந்தது. வெள்ளை அணுக்கள் 1,200. குறைந்தது 4,000 இருக்க வேண்டும். ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாத தட்டணுக்கள் 31,000. இந்த மருந்து ஃபோலேட் என்ற பி வைட்டமினின் வேலையைத் தடுப்பதால், வேகமாகப் பெருகும் செல்கள் முதலில் அடிவாங்கும்: எலும்பு மஜ்ஜை, வாயின் உள்தோல். ஃபோலிக் ஆசிட் மாத்திரை அப்போது போதாதாம். ஃபோலினிக் ஆசிட் ஊசி போட்டார்கள். மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும் என்பதால் டிரிப்ஸும் கிரியாட்டினின் சோதனையுமாக ஒன்பது நாள் போனது.

கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "அம்மாதான் மாத்திப் போட்டிருப்பாங்க." கவர்களைக் காட்டியதும், "குடுங்க, பாத்துட்டுத் தரேன்" என்று கையை நீட்டினார். கொடுக்கவில்லை. மருந்து ஆய்வாளருக்கு மனு போட்டிருக்கிறேன். பில் இல்லாததுதான் இப்போது இடிக்கிறது.

வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்றாக விழுங்குவது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. ஐரோப்பாவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இந்தத் தவற்றுக்காகவே 2019-இல் தனி எச்சரிக்கைகளைக் கொண்டுவந்தது. உங்கள் வீட்டில் இந்த மாத்திரை இருந்தால் கவரை விடுங்கள், அட்டையில் உள்ள பெயரைப் படியுங்கள். அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் பெயர் இருக்கும் துண்டைக் கேட்டு வாங்குங்கள். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போய் ரத்த அணுக்களை எண்ணிப் பாருங்கள்.

அணுக்கள் ஏறிவிட்டன. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட்டை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விரல்கள் பழையபடி வீங்கிவிட்டன, தேங்காய் துருவுவது நான்தான்.