மெனக்கெட்டா, மும்முரமாகவா, சிரத்தையாகவா?

"தங்கை தேர்வுக்கு ........ படித்தாள்." இந்த இடத்தில் பலரும் யோசிக்காமல் 'விடாமுயற்சியுடன்' என்று எழுதிவிடுகிறார்கள், எனக்கு அது ஒட்டவே இல்லை. விடாமுயற்சி என்றால் விட்டுவிடலாமா என்று தோன்றிய ஒரு கட்டம் நடுவில் வந்திருக்க வேண்டும். இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை எழுதுகிறாள் என்றால் சரி. முதல் தேர்வுக்கே எதற்கு?

'மும்முரமாக' என்றால் தேர்வு நாளை மறுநாள், வீடே பரபரப்பாக இருக்கிறது. வேகம் தெரியும், பொறுமை தெரியாது. திருவிழா ஏற்பாடும் தேர்தல் பிரசாரமும் செய்தித்தாளில் மும்முரமாகவே நடப்பது அதனால்தான். 'தீவிரமாக' பக்கத்து வீட்டுச் சொல். ஆனால் நோயும் தீவிரமாகும், படிப்போடு சேர்க்கக் கொஞ்சம் தயக்கம்.

'சிரத்தையாக' வேறு ரகம். நம்பிக்கையைக் குறிக்கும் வடசொல்லில் இருந்து வந்தது, சிரார்த்தமும் அதே வேரில் பிறந்ததுதான். அவசரப்படாமல், ஒரு வரியையும் தாண்டாமல், அடிக்கோடு போட்டுப் படிக்கிறவளுக்கு இது. 'கண்ணும் கருத்துமாக' எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஆனால் பிள்ளை வளர்ப்பது, செடி வளர்ப்பது மாதிரி நாள்பட்ட வேலைகளில்தான் அதன் முழு அழகும் தெரியும்.

'ஓயாமல் படித்தாள்' பாராட்டு, 'ஓயாமல் பேசினாள்' புகார். 'அயராமல்' என்பதில் அந்தச் சிக்கல் இல்லை. வள்ளுவர் 620ஆம் குறளில் 'உலைவின்றித் தாழாது உஞற்றுபவர்' என்று, முயல்பவருக்கு (உஞற்றுபவர்) முன்னால் இரண்டு சொல் போடுகிறார் பாருங்கள், மனம் தளராமல் என்று ஒன்று, முயற்சியில் குறைவைக்காமல் என்று இன்னொன்று. நாம் ஒரே சொல்லில் இரண்டையும் அடைக்கப் பார்க்கிறோம்.

அப்புறம் 'மெனக்கெட்டு'. என் ஓட்டு இதற்குத்தான். வினைகெட்டு, அதாவது தன் வேலை கெட்டு, என்பதுதான் பேச்சில் இப்படி ஆனது. உழைப்போடு இழப்பையும் சொல்கிற சொல் இந்த வரிசையில் வேறு இல்லை. யாழ்ப்பாணத்தில் 'மினக்கெடாதை' என்றால் நேரத்தை வீணாக்காதே என்று பொருள், அங்கே இழப்பு மட்டும் முன்னால் நிற்கிறது.

ஆனால் தங்கை படித்ததற்கு இது பொருந்தாது, அது அவளுடைய வேலை. எதிர்வீட்டு அக்கா தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாளே, அதற்குத்தான் மெனக்கெட்டு.