நீல அல்லின்னு சொல்லி 1,850 ரூபாயை அடிச்சுட்டான், உஷாரா இருங்க

வயித்தெரிச்சல்ல எழுதுறேன். நீல அல்லிக் கிழங்கு மூணு, 1,850 ரூபாய். வந்து சேர்ந்தது கண்மாய் அல்லி.

வீடியோ போட்டு நீர்ச்செடி விக்கிற ஆளு. டாபென் ரகம்னு காட்டினான். சின்ன டப்புலயே பூக்கும், இலையும் காம்பும் சேர்ற இடத்துல குட்டிச்செடி தானா முளைக்கும். அந்த ரகம் நிஜமாவே அப்படித்தான். மொட்டைமாடியில இருபது லிட்டர் டப்புதான் இருக்குன்னேன். "போதும்க்கா. களிமண்ணு போடுங்க, தென்னைநார்த்தூள் மிதக்கும். ஆறு மணி நேரமாச்சும் வெயில் படணும். கொசுப்புழுவுக்கு ரெண்டு கப்பி மீன் விடுங்க"ன்னு வரிசையா சொன்னான். அத்தனையும் சரியான விவரம். இவ்வளவு தெரிஞ்சவனை யாருதான் சந்தேகப்படுவா? "உங்க தம்பிய நம்ப மாட்டீங்களாக்கா?"ன்னான். உடனே ஜிபே பண்ணிட்டேன்.

இலை பெருசு பெருசா வந்து டப்பையே மூடிருச்சு. போட்டோ அனுப்பினா, "செட் ஆகுதுக்கா." மொட்டு வந்தும் பகல்ல விரியல. "வெயில் பத்தலக்கா." மதுரை வெயிலு பத்தலையாம்!

ஒரு ராத்திரி கரண்ட் போச்சுன்னு மாடிக்குப் போனா, வெள்ளை வெளேர்னு விரிஞ்சு நிக்குது. டாபென் வெளிர்நீலம், பகல்ல பூக்கிறது. மறுநாள் மேலூர்ல இருந்து வந்த மாமா இலையைத் திருப்பித் தடவினாரு. அடிப்பக்கம் பூராம் பொசுபொசுன்னு முடி. "என்னத்தா, எங்க கண்மாயில சும்மா கெடக்குறதுக்கா 1,850 ரூவா குடுத்த?"ன்னாரு. உடம்பெல்லாம் எரிஞ்சுச்சு.

கேட்டா முதல்ல "பேக்கிங்ல மாறிருக்கும்"னான். அப்புறம் "கிழங்கு குடுத்தவரைக் கேக்குறேன்"னான். அப்புறம் வேற அனுப்ப கூரியருக்கு 200 போடணுமாம்! முடியாது, என் 1,850-ஐத் திருப்பிக் குடுன்னேன். பிளாக் பண்ணிட்டான். இன்னிக்குக் காலையிலகூட அதே நீலப்பூவைக் காட்டி வீடியோ போட்டிருக்கான். கீழ நான் போட்ட கமெண்ட்டை அழிச்சுட்டான், "சூப்பர் ப்ரோ" எல்லாம் அப்படியே இருக்கு.

கிழங்கா வாங்காதீங்க, பார்த்தா என்ன ரகம்னு தெரியாது. இலையோட இருக்கிற செடியா கேளுங்க, வீடியோ கால்ல இலையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க. பார்சல் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. முழுக்காசையும் முன்னாடியே போடாதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் குடுத்திருக்கேன். இவன்கிட்ட வாங்கினவங்க அவனோட பேசின மெசேஜை அழிக்காம ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சு நீங்களும் புகார் குடுங்க.