மாத்திரைப் பெட்டியா, மாத்திரைப் பையா?

இதயத்துக்குத் திருவனந்தபுரம், சர்க்கரைக்கு நாகர்கோவில், மூட்டுவலிக்கு மார்த்தாண்டம். குமரி மாவட்டத்து முதியவர்கள் பலரின் கையில் இப்படி மூன்று மருந்துச் சீட்டுகள்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்புவது, ஏழு நாளுக்கும் அறை பிரித்த மாத்திரைப் பெட்டி. ஒரே மாத்திரையை மறந்துபோய் இருமுறை விழுங்குவதை அது தடுக்கும். ஆனால், தேவையற்ற மாத்திரையையும் வேளை தவறாமல் விழுங்க வைக்கும்.

நான் பரிந்துரைப்பது பையைத்தான். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், ஆயுர்வேதக் குளிகை உட்பட, ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். அட்டையின் பின்புறமுள்ள பொடி எழுத்தைப் படித்தால், இரு வேறு வணிகப் பெயர்களில், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒரே பேன்டோபிரசோல் இருப்பது தெரியவரலாம். வலி மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றியிருக்கும்; அதை இறக்க இன்னொரு மாத்திரை சேர்ந்திருக்கும். தூக்க மாத்திரையின் மயக்கத்தில் இரவில் எழுந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது.

எதையும் வீட்டாரே நிறுத்திவிடக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் மெட்டோபிரோலால், ஸ்டீராய்டு, தூக்க மாத்திரை ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பட்டியல் சுருங்கிய பிறகு பெட்டியை வாங்கிக்கொள்ளலாம்.