ஆஃப்சைடு: கையால் போடும் கோடா, பந்துக்குள் சென்சாரா?

கால்பந்தில் சக வீரர் பந்தை உதைக்கும் கணத்தில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய வீரரையும் தாண்டி எதிரணி கோல் பக்கம் நிற்பதுதான் ஆஃப்சைடு. 2018 உலகக் கோப்பையில் வந்த, வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் வி.ஏ.ஆர். முறையில், ஆஃப்சைடு கோட்டை வீடியோ அறையில் ஒருவர் உட்கார்ந்துதான் போட வேண்டும். பந்தைக் கால் தொட்ட ஃபிரேம் எது, தோள் எங்கே முடிகிறது என்பதெல்லாம் அவருடைய கண்கணக்கு. சிக்கலே இங்கேதான். நொடிக்கு 50 ஃபிரேம் எடுக்கும் கேமராவில், நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே 16 செ.மீ. நகர்ந்துவிடுவார். அப்புறம் அக்குள் அளவு முந்தியதாகச் சொல்லி கோலை ரத்து செய்தால் எரிச்சல் வராதா?

2022இல் கத்தாரில் பயன்பட்ட அரைத் தானியங்கி முறையில் இந்தத் தலைவலி குறைவு. கூரைக்கு அடியில் 12 கேமராக்கள், ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை கவனிக்கும். பந்துக்குள் இருக்கும் சென்சாரோ நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும். உதைத்த கணம் எது என்று அதிகம் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. முதல் ஆட்டத்திலேயே ஈக்வடாரின் என்னர் வலென்சியா 3ஆவது நிமிடத்தில் போட்ட கோல் இப்படித்தான் பறிபோனது.

என் ஓட்டு இரண்டாவதற்கே. ஆனால் ஆஃப்சைடில் நின்றவர் ஆட்டத்தில் குறுக்கிட்டாரா என்பதை எந்த சென்சாரும் சொல்லாது. அது இன்னும் நடுவர் தலையில்தான்.